மாடி மிளகாய்ச் செடி: வாடுதா, பழுக்குதா, பூ கொட்டுதா?

மாடியில் மிளகாய் வைத்திருப்பவர்கள் எனக்கு அனுப்பும் போட்டோக்களில் முக்கால்வாசி ஒரே கேள்வியோடுதான் வரும்: "இலை பழுக்குது, என்ன உரம் போடலாம்?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "பையைத் தூக்கிப் பாத்தீங்களா?" பெரும்பாலும் பதில் வராது. ரெண்டு நாள் கழித்து, "தூக்க முடியல தம்பி, கல்லு மாதிரி கனக்குது" என்று வரும். அங்கேயே பாதிக் கதை முடிந்துவிடும்.

மதுரையில் என் மொட்டை மாடியிலும், தெருவில் நாலைந்து வீட்டு மாடிகளிலும் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன். தரையில் வைத்த செடிக்கு இதில் பாதி பொருந்தாது. பையிலோ தொட்டியிலோ வேர் ஓட இடம் குறைவு. தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் ரெண்டே நாளில் இலையில் தெரிந்துவிடும்.

உங்கள் செடியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் எந்தத் தலைப்புக்குப் போனாலும் முதலில் இந்த மூன்றையும் செய்துவிடுங்கள்.

பையின் ரெண்டு காதையும் பிடித்து லேசாகத் தூக்குங்கள். தண்ணீர் ஊற்றி வடிந்ததும் ஒரு தடவை, மறுநாள் காலையில் ஒரு தடவை தூக்கிப் பார்த்தால், ஒரு வாரத்தில் கைக்குக் கணக்குப் பிடிபடும். அடுத்து, ஆள்காட்டி விரலை ரெண்டு கணு ஆழத்துக்கு உள்ளே விடுங்கள். தேங்காய் நார்த்தூள் கலந்த மண் மேலே வெளுத்துக் காய்ந்த மாதிரித்தான் இருக்கும். உள்ளே சொதசொதவென்று இருக்கும். மேலே பார்த்துத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். மூன்றாவது, பையைச் சாய்த்து அடித்துளையைப் பாருங்கள். வேரோ மண்ணோ அடைத்திருந்தால் ஒரு குச்சியால் குத்தி விடுங்கள்.

இதோடு, தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் பேனாவும் ஒன்று இருந்தால் நல்லது. ஆர்ஓ மெஷின் மாட்ட வருகிறவர்கள் தண்ணீரில் முக்கிக் காட்டுவார்களே, அதேதான்.

## வைத்திருப்பது எந்த மிளகாய்?

எல்லா மிளகாய்க்கும் ஒரே அளவு ஊற்றுவதே பல வீடுகளில் கோளாறின் ஆரம்பம்.

முண்டு மிளகாய் ராமநாதபுரம் சீமைச் செடி. மானாவாரியில் வானம் பார்த்துக் காய்க்கிற வகை, 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதைக் கொண்டுவந்து பையில் வைத்து ரெண்டு வேளை தண்ணீரும் வாரம் ஒரு உரமும் கொடுத்தால் இலை இலையாகத் தள்ளும், காய்க்காது. ரெண்டு கணு ஆழம் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். உரத்தில் மற்ற மிளகாய்க்குக் கொடுப்பதில் பாதி.

சம்பா வகைகள், கோவில்பட்டி கே1, கே2, பெரியகுளம் பிகேஎம்1 எல்லாம் நடுத்தரம். ஒரு கணு காய்ந்ததும் தண்ணீர், 15 நாளுக்கு ஒரு தடவை உரம். கீழே நான் சொல்லும் அளவுகள் எல்லாம் இந்த வகைகளுக்கு, 12 முதல் 15 லிட்டர் பைக்கு.

காந்தாரி ஆரம்பத்தில் ஆமை மாதிரி வளரும். அதைப் பார்த்துப் பயந்து உரத்தைக் கூட்டாதீர்கள். ரெண்டு மூன்று வருஷம் நிற்கிற செடி, 20 லிட்டருக்குக் குறையாத பை வேண்டும். பாதி நிழலிலும் காய்க்கும்.

பஜ்ஜி மிளகாயும் குடைமிளகாயும் சதைக்காய்கள். தண்ணீரும் அதிகம் குடிக்கும், உரமும் அதிகம் தின்னும். குடைமிளகாய் நம் சமவெளியில் கார்த்திகை முதல் மாசி வரைதான் ஒழுங்காக இருக்கும். சித்திரையில் அது காய்க்கவில்லை என்றால் உங்கள் கையில் குற்றம் இல்லை.

## செடி வாடுகிறது

### மதியம் மட்டும் தலை சாய்கிறது, சாயங்காலம் நிமிர்ந்துவிடுகிறது

ஒன்றும் செய்ய வேண்டாம். வேர் இழுப்பதைவிட இலை அதிகம் விடுகிறது, அவ்வளவுதான். மதியம் வாடியதைப் பார்த்துப் பதறிப்போய் ஒரு சொம்பு ஊற்றுவது ரெட்டைத் தப்பு: சூடான பையில் தண்ணீர் நிற்கும், சாயங்காலம் மறுபடி வழக்கமான தண்ணீரும் சேரும். அக்னி நட்சத்திரத்தில் தினமும் இப்படி ஆனால் மேற்கு வெயில் பையில் நேராக விழாமல் ஒரு பலகையோ பழைய சாக்கோ சாய்த்து வையுங்கள். பையின் சுவர் சூடேறினால் ஓரத்து வேர்கள் வெந்துபோகும். நிழல்வலை கட்டுவதானால் 35 சதவீத வலை போதும், மிஞ்சினால் 50. கடையில் 75 சதவீதத்தை நீட்டினால் வாங்காதீர்கள்.

### காலையிலேயே வாடியிருக்கிறது, பை லேசாக இருக்கிறது

தண்ணீர் போதவில்லை. "நேத்துதானே ஊத்தினேன்" என்பீர்கள். ஊற்றினீர்கள், உள்ளே போனதா? ஒரு சொம்பு ஊற்றிப் பாருங்கள். பத்து எண்ணுவதற்குள் அடியில் கொட்டினால், மண் காய்ந்து சுருங்கிப் பையின் சுவரை விட்டு விலகியிருக்கிறது. தண்ணீர் அந்த இடுக்கு வழியே ஓடிவிடுகிறது.

விரலால் ஓரத்து மண்ணை அமுக்கி இடுக்கை மூடுங்கள். பிறகு அரை லிட்டர் ஊற்றி, பத்து நிமிஷம் விட்டு அரை லிட்டர், இன்னும் பத்து நிமிஷம் விட்டு அரை லிட்டர். சின்னத் தொட்டியானால் பக்கெட் தண்ணீரில் அரை மணி நேரம் முக்கி வைத்தால் அடியிலிருந்து இழுத்துக்கொள்ளும். மேலே காய்ந்த இலையோ தேங்காய் மட்டையோ ரெண்டு அங்குலம் பரப்புங்கள்.

அப்படியும் ஒரு நாளைக்குமேல் தாங்கவில்லை என்றால் பை சின்னதாகிவிட்டது. வளர்ந்த செடிக்குச் சித்திரை வெயிலில் ஒரு நாளைக்கு ஒரு லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை ஆகும். 5 லிட்டர் தொட்டியில் அதைத் தேக்க இடமே இல்லை. பெரிய பைக்கு மாற்றுங்கள். மாற்றும் நாள் சாயங்காலமாக இருக்கட்டும்.

### காலையிலேயே வாடியிருக்கிறது, பை கனமாக இருக்கிறது

மிளகாயில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். மண் முழுக்கத் தண்ணீர் இருந்தும் செடி வாடுகிறது என்றால் வேர் வேலை செய்யவில்லை. இந்த நேரத்தில் "வாடுதே" என்று இன்னும் ஊற்றுவதில்தான் பாதிச் செடிகள் போகின்றன.

முதலில் அடித்துளை. தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். பையை ரெண்டு செங்கல் மேல் ஏற்றி, தண்ணீரை நிறுத்துங்கள். மண்ணைக் கிளறினால் சின்னக் கறுப்புப் பூச்சிகள் கொசு மாதிரிப் பறந்தால் அது ரொம்ப நாளாக ஈரமாகவே இருக்கும் பை. மூன்று நாளில் செடி நிமிர்ந்தால் பிழைத்தது. அந்த மூன்று நாளும் உரம் எதுவும் கூடாது.

நிமிரவில்லையா? ஓரத்தில் கொஞ்சம் தோண்டி ஒரு வேரை எடுங்கள். வெள்ளையாக, ஒடித்தால் நறுக்கென்று இருந்தால் இன்னும் காத்திருக்கலாம். பழுப்பாக, இழுத்தால் தோல் உறை மாதிரிக் கழன்று உள்ளே நூல் மட்டும் நின்றால் வேரழுகல். ஆரம்பமாக இருந்தால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து வேரைச் சுற்றி ஊற்றிப் பார்க்கலாம். செடியில் காய் இருந்தால், டப்பாவில் போட்டிருக்கும் நாள் கணக்கு முடியாமல் பறிக்காதீர்கள். பாதிக்குமேல் அழுகிவிட்டால் மருந்துக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

இலை பச்சையாகவே இருந்து செடி ரெண்டே நாளில் தொங்கிப்போனால் வேறு சந்தேகம் இருக்கிறது. தண்டை அடியில் வெட்டி, வெட்டுவாய் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் லேசாக முங்கும்படி அசையாமல் பிடியுங்கள். ஐந்து பத்து நிமிஷத்தில் பால்நூல் மாதிரி வெள்ளையாக இறங்கினால் பாக்டீரியா வாடல். அதற்கு மருந்து கிடையாது. செடி, மண் இரண்டையும் மாடியை விட்டு அப்புறப்படுத்துங்கள். அந்த மண்ணைத் தக்காளிக்கோ கத்தரிக்கோ போட்டுவிடாதீர்கள், மூன்றுக்கும் இது வரும். கத்தரிக்கோலையும் கழுவி வெயிலில் வையுங்கள்.

இங்கே ஆளைக் கூப்பிடுங்கள்: ஒரே வாரத்தில் மூன்று பைக்குமேல் இப்படிப் போனால் நீங்களாக மருந்து தேட வேண்டாம். ஒரு செடியை வேரோடு, மண்ணோடு பாலித்தீன் பையில் போட்டு அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். மதுரைக்காரர்களுக்கு ஒத்தக்கடை வேளாண் கல்லூரி இருக்கிறது. போட்டோவை மட்டும் காட்டினால் யாராலும் வேர் நோயைச் சொல்ல முடியாது.

## இலை பழுக்கிறது

எந்த இலை என்பதுதான் கேள்வியே. அடியிலையா, நுனியிலையா?

### அடியிலை முழுக்க மஞ்சள், நரம்பும் சேர்ந்தே

ஒன்றிரண்டு கிழட்டு இலை என்றால் விட்டுவிடுங்கள். வாரத்துக்கு நாலைந்து விழுந்தால் பையைத் தூக்குங்கள். கனமாக இருந்தால் மேலே சொன்ன ஈரப் பிரச்சினை, அங்கே போங்கள். ஈரம் சரியாக இருந்தும் பழுத்தால் தழைச்சத்து போதவில்லை.

ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குப் பிறகு மாடிச் செடிகள் எல்லாம் கூட்டமாக இப்படி வெளிறும். மழை பையைக் கழுவிச் சத்தைக் கொண்டுபோய்விடுகிறது. கை நிறைய மண்புழு உரம் மேலே தூவிக் கிளறிவிடுங்கள். அதோடு கடலைப் புண்ணாக்குக் கரைசல்: 100 கிராம் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் ரெண்டு மூன்று நாள் ஊறவைத்து, வடிகட்டி, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்துப் பைக்கு 250 மில்லி. ஊறுகிற நாட்களில் பக்கத்து வீட்டுக்காரர் மாடிக்கு வந்தால் என்ன செத்துக் கிடக்கிறது என்று கேட்பார், மூடி வையுங்கள். முண்டுக்கு 100 மில்லி போதும். காய்ந்த மண்ணில் எந்தக் கரைசலையும் ஊற்றாதீர்கள், முதலில் வெறும் தண்ணீர், அரை மணி கழித்து உரம்.

பஞ்சகவ்யா வைத்திருப்பவர்கள் லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிக்கலாம். கடை உரம்தான் வேண்டும் என்றால் 19:19:19, லிட்டருக்கு 1 கிராம். "கொஞ்சம் கூட இருந்தா சீக்கிரம் தேறும்" என்று 5 கிராம் போட்டவர்கள் இதற்கு அடுத்த பெரிய தலைப்பில் வந்து நிற்பார்கள்.

பழுத்த இலை திரும்பப் பச்சையாகாது. புது இலை எப்படி வருகிறது என்று பாருங்கள், பத்து நாளில் தெரியும்.

### அடியிலையில் நரம்பு பச்சை, இடையில் மஞ்சள்

மக்னீசியம் போதவில்லை. காய் நிறையப் பிடித்த செடியில் அதிகம் வரும். எப்சம் உப்பு லிட்டருக்கு 5 கிராம் கரைத்துச் சாயங்காலம் இலையில் தெளியுங்கள், பத்து நாள் கழித்து இன்னொரு தடவை. வேறு எதுவும் தேவைப்பட்டதில்லை.

### நுனியிலை வெளிறுகிறது, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக

இது இரும்புச்சத்துக் குறைவு. ஆனால் மண்ணில் இரும்பு இல்லாததால் வருவது அபூர்வம்; சுண்ணாம்புத் தண்ணீரால் மண்ணில் காரத்தன்மை ஏறி, இருக்கிற இரும்பைச் செடியால் எடுக்க முடியாமல் போகிறது. குழாய் வாயிலும் பாத்ரூம் ஓட்டிலும் வெள்ளைப் பத்து படிகிற வீடுகளில் மாடிச் செடிக்கும் இது வரும். போர் தண்ணீர் மட்டும் ஊற்றுகிற வீடு என்றால் நான் செடியைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன்.

காசு செலவில்லாத வழி, தண்ணீரை மாற்றுவது. மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அது. இல்லையென்றால் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள்.

உடனே பச்சை வேண்டுமானால் அன்னபேதி. நாட்டு மருந்துக் கடையில் கேட்டாலே கொடுப்பார்கள், உரக்கடையில் இரும்பு சல்பேட் என்று கேட்கலாம். லிட்டருக்கு 5 கிராம், அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, கரைத்தவுடன் சாயங்காலம் தெளியுங்கள். கரைசலை மறுநாளைக்கு வைத்திருந்தால் துருநிறமாகிவிடும், பயனில்லை. முதல் நாள் ஒரு கிளையில் மட்டும் அடித்து, இலை கருகவில்லை என்று பார்த்துவிட்டு மற்றதற்கு அடியுங்கள். மாடித் தரையில் சிந்தினால் துருக்கறை போகாது, என் மாடியில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

கடைசியாக, காசு பிடிக்கிற வழி: இரும்பு கீலேட், அதாவது செடி எடுத்துக்கொள்ளும்படி பக்குவம் செய்த இரும்பு. ஈடிடிஏ, ஈடிடிஎச்ஏ என்று ரெண்டு வகை விற்கிறார்கள். காரமேறிய மண்ணில் முதலாவது நிற்காது. ரெண்டாவதுதான் பலன் தரும், விலையும் அதுதான் அதிகம்.

## இலை ஓரமும் நுனியும் கருகுகிறது, மண்மேல் வெள்ளைப் பொடி

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உரப்பற்றாக்குறை என்று எல்லோரும் தவறாக எடுத்துக்கொள்வது இதைத்தான். கருகலைப் பார்த்து உரம் போட, உரத்தால் இன்னும் கருக, "நோய் வந்துடுச்சு" என்று மருந்தடிக்க, கடைசியில் செடி போகும்.

மண்மேலும் பையின் வெளித்தையல் ஓரத்திலும் விரலால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையாக ஒட்டுகிறதா? அது உப்பு. எங்கிருந்து வந்தது என்று சுலபமானதிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வர வேண்டும்.

ஆர்ஓ கழிவுத் தண்ணீர். முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. "வீணாப் போகுதேன்னு செடிக்கு ஊத்துறேன்" என்று நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். மெஷின் உங்களுக்கு நல்ல தண்ணீரைக் கொடுத்துவிட்டு, உப்பையெல்லாம் அதில்தான் தள்ளுகிறது. பாத்திரம் கழுவ, வாசல் தெளிக்கப் பயன்படுத்துங்கள். பைச் செடிக்கு வேண்டாம். உப்புப் போட்டு ஓட்டும் சாஃப்ட்னர் மாட்டிய வீடானால், அந்தத் தண்ணீர் இதைவிட மோசம். சாஃப்ட்னருக்கு முன்னால் உள்ள குழாயிலிருந்து பிடியுங்கள்.

உர அளவு. கடந்த ஒரு மாதத்தில் என்னென்ன போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். புண்ணாக்கு, மீன் அமிலம், வாழைத்தோல் தண்ணீர், டீத்தூள், ஒருவர் சொன்னதற்காக டிஏபி ரெண்டு குருணை... எழுதி முடித்ததும் பலருக்கு விடை கிடைத்துவிடும்.

கழுவாத நார்த்தூள். புதுப் பையில் நட்ட நாற்று பத்து நாளில் நுனி கருகினால் இதுதான். ஒரு வருஷம் நான் வாங்கிய நார்த்தூள் கட்டிகளில் "கழுவியது" என்று அச்சடித்திருந்ததை நம்பி அப்படியே கலந்துவிட்டேன். 14 கே1 நாற்று வைத்ததில் 9 போயிற்று. அதற்குப் பிறகு எந்தக் கட்டியையும் ஊறவைத்து, பிழிந்து, அந்த டீ நிறத் தண்ணீரைக் கொட்டி, இப்படி மூன்று தடவை செய்யாமல் கலப்பதில்லை. மூன்றாவது தண்ணீரில் டிடிஎஸ் பேனாவை முக்கினால், குழாய்த் தண்ணீர் அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும்.

தண்ணீரே உப்பு. பேனாவைக் குழாய்த் தண்ணீரில் முக்குங்கள். 500 பிபிஎம்முக்குள் என்றால் மிளகாய்க்குக் கவலையில்லை. 500ஐத் தாண்டினால் ஏசித் தண்ணீரோ மழைநீரோ கலக்க வேண்டும். 1000ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை மட்டும் நம்பிப் பையில் மிளகாய் வைக்காதீர்கள்.

பையில் எவ்வளவு உப்பு சேர்ந்திருக்கிறது என்பதற்கு ஒரு சோதனை. மெதுவாகத் தண்ணீர் ஊற்றி, அடியில் சொட்டும் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்துப் பேனாவை முக்குங்கள். ஊற்றிய தண்ணீரைவிட ரெண்டு மூன்று மடங்கு காட்டினால் பையைக் கழுவ வேண்டும்.

கழுவும் முறை இது. 12 லிட்டர் பைக்கு 25 முதல் 30 லிட்டர் தண்ணீர், ஒரே மூச்சில் கொட்டாமல், மூன்று தவணையாக, ஒவ்வொன்றுக்கும் இடையில் அரை மணி விட்டு. இருப்பதில் உப்புக் குறைந்த தண்ணீராகப் பாருங்கள். வடிவது தெளிவாகும்வரை செய்துவிட்டு ஒரு வாரம் உரம் கூடாது. பிறகு பாதி அளவில் தொடங்குங்கள். மேல்மண்ணில் வெள்ளை படிந்த ஒரு அங்குலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக மண்புழு உரம் போடலாம். நல்ல மழை ஒன்று பெய்தால் இந்த வேலையை அதுவே செய்துவிடும். அதனால்தான் கோடை முழுக்கக் கருகின செடி ஆவணி மழைக்குத் தானாகத் துளிர்க்கிறது.

இங்கே ஆளைக் கூப்பிடுங்கள்: கழுவிய பிறகும் ஒரு மாதத்தில் வெள்ளை திரும்பினால், போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். பாசனத் தண்ணீரும் பரிசோதிப்பார்கள். எந்த உப்பு என்று தெரியாமல் இதற்குமேல் செலவு செய்வது வீண்.

## பூ வருகிறது, கொட்டுகிறது

சித்திரை, வைகாசியா? பகல் 38 டிகிரியைத் தொட்டு ராத்திரியும் புழுங்கினால் மிளகாய் பூவை உதிர்க்கும். முண்டும் காந்தாரியும் கொஞ்சம் தாங்கும், குடைமிளகாய் தாங்கவே தாங்காது. நிழல்வலை கட்டி ஈரம் காய்ந்து போகாமல் பார்த்துக்கொண்டு காத்திருங்கள்.

வெயில் காலம் இல்லையென்றால் தண்ணீர் முறையைப் பாருங்கள். ரெண்டு நாள் மறந்துவிட்டு மூன்றாம் நாள் குற்ற உணர்ச்சியில் குடம் குடமாக ஊற்றுவதுதான் பெரும்பாலும் காரணம். ஊருக்குப் போய்த் திரும்பியதும் பூ கொட்டியது என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்!

தண்ணீர் சீராக இருந்தும் கொட்டினால் பூவை ஒன்று பறித்து வெள்ளைத் தாளில் தட்டுங்கள். நூல் மாதிரிச் சின்னப் பூச்சி ஓடினால் இலைப்பேன், கீழே அதற்கான தலைப்புக்குப் போங்கள். பூச்சியும் இல்லையென்றால் கடைசியாக, பூ உதிர்வதைத் தடுக்கும் வளர்ச்சி ஊக்கியான பிளானோஃபிக்ஸ்: நாலரை லிட்டருக்கு 1 மில்லி, சாயங்காலம். இந்த மருந்தில் அளவு கூடினால் பலன் தலைகீழாகும்; சிரிஞ்சியால் அளந்து எடுங்கள், மூடியால் உத்தேசமாக ஊற்றாதீர்கள்.

## செடி காடாக வளர்கிறது, பூவே இல்லை

தழைச்சத்து அதிகம், இல்லையென்றால் வெயில் குறைவு. புண்ணாக்கையும் மீன் அமிலத்தையும் ஒரு மாதம் நிறுத்துங்கள். பையை ஆறு மணி நேரம் வெயில் படும் இடத்துக்கு நகர்த்துங்கள். தண்ணீரை ஒரு கணு கூடுதலாகக் காயவிட்டு ஊற்றுங்கள். கைப்பிடி சாம்பலைத் தூவச் சொல்வார்கள். போர் தண்ணீர் வீட்டில் அது காரத்தை இன்னும் ஏற்றும், வேண்டாம். காந்தாரியாக இருந்து நட்டு நாலு மாதம்கூட ஆகவில்லை என்றால், பொறுங்கள்.

## காயின் நுனி கறுத்துக் குழிகிறது

குடைமிளகாயிலும் பஜ்ஜி மிளகாயிலும்தான் அதிகம். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் சரியாகும் என்ற பேச்சு எங்கும் உண்டு. அது மண்ணில் கரைய மாதக்கணக்கில் ஆகும், இந்தக் காய்ப்புக்கு உதவாது. சுண்ணாம்புச்சத்து மண்ணில் பெரும்பாலும் இருக்கும். ஈரம் ஏறி இறங்கி ஆடுவதால் காய்க்கு அது போய்ச் சேரவில்லை. கறுத்த காயைப் பறித்துப் போடுங்கள், மண்மேல் காய்ந்த இலை பரப்பி மூடாக்குப் போடுங்கள், தினமும் ஒரே நேரத்தில் ஒரே அளவு ஊற்றுங்கள். ரெண்டு வாரத்தில் புதுக் காய் சுத்தமாக வரும். வராவிட்டால் கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 2 கிராம், வாரம் ஒரு தடவை இலையிலும் காயிலும் படும்படி.

வெயில் பட்ட பக்கத்தில் வெள்ளையாக வெந்த மாதிரி இருந்தால் இது வேறு, வெயில் சுட்டது. நிழல்வலை போதும்.

## இலை சுருள்கிறது

இதற்கும் தண்ணீர், உரத்துக்கும் தொடர்பில்லை. இருந்தும் எழுதுகிறேன், இலை சுருண்டதைப் பார்த்து உரம் ஊற்றாத வீடே இல்லை.

மேல்நோக்கிப் படகு மாதிரிச் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கி, காம்பு நீண்டு, கவிழ்ந்த படகு மாதிரி இருந்தால் சிலந்திப்பேன், கண்ணுக்குத் தெரியாது. மேல்நோக்கியதற்கு முதலில் தண்ணீரைப் பீய்ச்சி இலையடியைக் கழுவுங்கள், நீல ஒட்டும் அட்டை தொங்கவிடுங்கள், வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, ரெண்டு சொட்டு சோப்புக் கரைசலோடு வாரம் ஒரு தடவை. கீழ்நோக்கியதற்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், வெயில் தாழ்ந்த பிறகு. வேப்பெண்ணெய் அடித்து ரெண்டு வாரத்துக்குள் கந்தகம் அடிக்காதீர்கள், இலை வெந்துவிடும்.

இலை சிறுத்து, தடித்து, நரம்பு மஞ்சளாகி, செடி குட்டையாக நின்றுவிட்டால் வைரஸ். வெள்ளை ஈ கொண்டுவருவது. பிடுங்கிவிடுங்கள். மனசு வராமல் வைத்திருந்து பக்கத்துப் பையெல்லாம் பரவியதை நான் பார்த்திருக்கிறேன், என் மாடியிலேயே.

இங்கே ஆளைக் கூப்பிடுங்கள்: மூன்று வாரம் ஒழுங்காக அடித்தும் பூவுக்குள் பேன் குறையவில்லை என்றால் இன்னும் கடுமையான பூச்சிமருந்தை நீங்களாக வாங்காதீர்கள், அந்த மிளகாயைச் சாப்பிடப் போவது நீங்கள்தான். 2021 கடைசியில் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் மிளகாய்க் காடுகளை அழித்த கறுப்பு இலைப்பேன் வழக்கமான மருந்துக்கு அடங்கியதில்லை. கிசான் கால் சென்டர் 1800-180-1551, தமிழில் பேசலாம், கட்டணமில்லை. வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலும் கேட்கலாம்.

## கீழ்வீட்டு கூரையில் ஓதம்

இது செடியின் கோளாறு இல்லை, ஆனால் தண்ணீரின் கோளாறுதான். கீழே குடியிருப்பவர் "சார், உங்க செடிக்கு ஊத்துறது எங்க ஹாலுக்கு வருது" என்று வந்து நின்றால் சண்டைக்கு முன் பையின் அடியைப் பாருங்கள். பை நேராகத் தரையில் உட்கார்ந்தால் அடியில் ஈரம் காய்வதே இல்லை. இரும்பு ஸ்டாண்டிலோ செங்கல் மேலோ நாலு அங்குலம் ஏற்றி, தரை காற்றாடும்படி விடுங்கள். பைகளை மாடியின் நடுவில் குவிக்காமல் சுவர் ஓரமாக வரிசையாக வையுங்கள். நனைந்த 12 லிட்டர் பை பத்துக் கிலோவுக்குமேல் வரும், ஐம்பது பை என்றால் அரை டன். மழைநீர்க் குழாய் வாயில் நார்த்தூள் அடைத்திருக்கிறதா என்று கை விட்டுப் பாருங்கள், நான் பார்த்த ரெண்டு வீட்டில் அவ்வளவுதான் பிரச்சினை.

ஒரு வாரம் பைகளை நகர்த்தி, அந்த இடத்தைக் காயவிட்டும் ஓதம் வளர்ந்தால், அல்லது கூரைப் பூச்சு உப்பி உதிர்ந்து கம்பி தெரிந்தால், கொத்தனாரை வைத்துப் பூசி மறைக்காதீர்கள். கட்டட இன்ஜினியர் ஒருவரை அழைத்து வந்து காட்டுங்கள். அவர் பார்த்துச் சொல்லும்வரை அந்தப் பக்கத்துப் பைகளைக் கீழே இறக்கி வாசலில் வையுங்கள். வாசலிலும் மிளகாய் காய்க்கும்.